உப்பளத்தில் ஏழு வருடம் உழைத்த நிக்கான் எஃப்எம்2

தூத்துக்குடி உப்பளங்களை ஃபிலிமில் தொடர்ந்து எடுக்கலாம் என்று 2018-ல் கிளம்பியபோது கையில் இருந்தது முப்பதாயிரம். பாடி, லென்ஸ், முதல் பத்து ரோல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மனதில் மூன்று கேமராக்கள் இருந்தன: கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2. கேனான் ஏஇ-1-ஐ பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒரே பேச்சில் வெட்டிவிட்டார். “தம்பி, பேட்டரி இருந்தாத்தான் அதுல ஷட்டரே அடிக்கும். சர்க்யூட் செத்துட்டா பார்ட்ஸுக்கு நான் எங்க போவேன்? பல்சக்கரம்னா கழட்டி மாட்டிரலாம்.”

பென்டாக்ஸ் கே1000-ஐ வாங்கக் கடைவரைக்கும் போனேன். முழு மெக்கானிக்கல், விலையும் குறைவு. ஆனால் ஷட்டர் திறந்து மூடும் அதன் உச்ச வேகம் 1/1000 நொடி. அளத்து மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்16-இல் வைத்தால், 1/500 வரும். பின்னால் இருக்கும் உப்புக் குவியல் மங்கி, முகம் மட்டும் தெளிய வேண்டுமென்று துளையைப் பெரிதாக்கி எஃப்5.6-க்கு வந்தால் 1/4000 கேட்கும். 1982-ல் வந்த எஃப்எம்2-இல் அந்த வேகம் இருக்கிறது, அதுவும் பேட்டரி இல்லாமலேயே. இரண்டு எல்ஆர்44 பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பாடிக்கு 19,000 கொடுத்தேன்.

அந்த மீட்டரைத்தான் முதல் வருடம் முழுக்க நம்பிக் கெட்டேன். எதைக் காட்டினாலும் அதற்குச் சாம்பல் நிறம்தான். வெள்ளை வெளேரென்ற உப்பையும் சாம்பலாக்கப் பார்க்கும். விளைவு, உப்பு அழுக்காகவும், அதை வாருகிற பெண்களின் முகம் கரியாகவும் விழுந்தன. இப்போதெல்லாம் வெயில்பட்ட என் உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விழும்படி, திறந்து வைத்துக்கொள்கிறேன். வெயில் மாறாதவரை மீட்டரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விடியுமுன் வேலை தொடங்கும் நேரத்தில் மட்டும் அதை மெச்ச வேண்டும். வியூஃபைண்டரில் சிவப்பாக எரியும் கூட்டல், வட்டம், கழித்தல் குறிகள் இருட்டிலும் தெரியும். முள் ஆடுகிற மீட்டரில் அந்த நேரத்துக்கு முள்ளே தெரியாது.

நான் இடதுகண்ணால் பார்க்கிறவன். இந்த கேமராவில் ஃபிலிம் இழுக்கும் லீவரைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டரும் எரியும், ஷட்டர் பொத்தானும் அமுங்கும். அந்த லீவர் நேராக என் நெற்றியில் வந்து குத்தும். ஏழு வருடத்தில் பழகவில்லை. வலதுகண்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வாங்கிய இரண்டாம் மாதமே பிரிண்டுகளில் வெள்ளைக் கோடு விழுந்தது. பின்கதவு ஓரத்து ஃபோம் வயதாகிப் பிசினாகி, வெளிச்சம் கசிந்திருக்கிறது. “சர்வீஸ் பண்ணது” என்று சொல்லி விற்றவர் பிறகு போனை எடுக்கவில்லை. அண்ணாச்சி புது ஃபோம் ஒட்டிக் கொடுத்தார். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து அந்த ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பாடிக்குச் செலவு ஒருமுறைதான், ஃபிலிமுக்கோ நிற்காது. இன்று எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், 36 படம் எடுக்கும் ஒரு ரோல், ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. ஒரு சொடுக்குக்கு ஏறக்குறைய 28 ரூபாய். கழுவுவது வீட்டில்தான், டி-76 என்ற டெவலப்பர் கரைசலில். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் 20 டிகிரி என்பது கனவு, ஐஸ் வாங்கித்தான் குளிரவைக்க வேண்டும். கடைசி அலசலுக்கு அந்தத் தண்ணீரே ஆகாது, நெகட்டிவில் பொட்டுப் பொட்டாக உப்புப் படியும். லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அலசுகிறேன்.

அன்றாடச் செய்திக்கு இது உதவாது. சாயங்காலத்துக்குள் படம் அனுப்ப வேண்டுமென்றால் நானும் டிஜிட்டலைத்தான் தூக்குகிறேன். மாதக்கணக்கில் ஒரே இடத்துக்குப் போய்வருகிற வேலைக்குத்தான் இது. அளத்தில் ஓர் ஆச்சி முதல்நாள் “எங்க, காட்டு” என்றார். பின்னால் திரையில்லை என்று விளக்கியும் நம்பவில்லை. அடுத்த மாதம் பிரிண்டோடு போனேன். இப்போது கேமராவைத் தூக்கினாலே “போன தடவ எடுத்தது எங்கய்யா?” என்கிறார். கொடுத்து முடித்த பிறகுதான் அடுத்த ரோல்.

எஃப்எம்2-இன் விலை இப்போது எகிறிவிட்டது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பெஷாவர் அகதி முகாமில் உலகப் புகழ்பெற்ற அந்தப் பச்சைக்கண் ஆப்கான் சிறுமியை எடுத்தது இதே மாடலில்தான். விற்கிறவர்கள் அந்தப் புகழுக்கும் சேர்த்தே விலை சொல்கிறார்கள். இன்று வாங்குவதானால் 1977-ல் வந்த பழைய எஃப்எம்மைத்தான் தேடுவேன். அதுவும் மெக்கானிக்கல்தான், மீட்டரிலும் அதே சிவப்பு விளக்குகள். உச்ச வேகம் 1/1000 என்றாலும், வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காக்குகிற என்டி ஃபில்டர் மாட்டினால் அதே எஃப்5.6 கிடைத்துவிடும். வியூஃபைண்டர் கொஞ்சம் இருளும், அவ்வளவுதான். 2018-ல் இது எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு லாபம், 1977-க்கு முந்தைய, நான்-ஏஐ என்கிற பழைய வகை நிக்கான் லென்ஸ்களை எஃப்எம்2-இல் மாட்டினால் பாடியே சேதப்படலாம். எஃப்எம்மில் லென்ஸ் மாட்டும் வளையத்து ஓரத்தில் இருக்கும் சிறு நாக்கை மடக்கிவிட்டு மாட்டிக்கொள்ளலாம். அந்த லென்ஸ்கள்தான் சந்தையில் மலிவு.