குன்னூர் பிரெஞ்சு வகுப்பும் 25 எழுத்துச் சொல்லும்

குன்னூரில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பிரெஞ்சு வகுப்புக்கு ஆறு மாதங்களாகச் சென்று வருகிறேன். புதுச்சேரியில் பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியை தமிழிலேயே விளக்குகிறார். வகுப்பைப் பரிந்துரைக்க எனக்கு அந்த ஒன்றே போதும்.

நீளமான சொல்லுக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சுக்காரர்கள் வழக்கமாகக் கூறும் சொல் ஒன்றை நான்காம் வாரம் பலகையில் எழுதினார். ‘அரசமைப்புக்கு முரணாக’ என்று பொருள்படும் anticonstitutionnellement என்ற அச்சொல்லில் 25 எழுத்துகள். பள்ளியில் குறளை அலகிட்ட பழக்கத்தில் நாங்கள் அசை பிரிக்கத் தொடங்கியதும் அவர் நிறுத்தினார். நம் யாப்பில் இரண்டு குறில் இணைந்தும் ஒரே நிரையசையாகும்; பிரெஞ்சிலோ ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றும் தனி அசை, இரு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் பின்வரும் உயிரோடு சேரும் என்றார். அவ்வாறு பிரித்தால் ஆன்–தி–கோன்ஸ்–தி–த்யூ–ஸ்யோ–நெல்–மான் என எட்டு அசைகள் கிடைக்கின்றன.

இதில் ‘ஆன்’, ‘மான்’ ஆகியவற்றின் ஈற்றில் நாக்கு எங்கும் தொடுவதில்லை. பேச்சில் ‘வந்தான்’ என்னும்போது கடைசி ஒலி மூக்கில் கரைகிறதே, அதே ஒலிதான். ‘மரம்’ என்பதைப் பேசும்போது வரும் ஈற்றொலி ‘கோன்’ என்பதற்கு நெருக்கமானது. ஆங்கில வழியில் படித்திருந்தால் இது என் காதில் விழுந்தே இருக்காது. ‘த்யூ’வுக்கு, ‘ஈ’ என்று சொல்லும் நாக்கை அசைக்காமல் உதடுகளை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். எனக்கு நெடுநாள் பிடிபடாதது இரண்டாவது அசை. மெல்லொலியை அடுத்து வரும் தகரத்தைப் ‘பந்தி’யில் போல மென்மையாக்கும் நம் நாக்கு அங்கும் அதையே செய்தது, ‘கத்தி’யின் தகரம்தான் அங்கே வேண்டும். அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் ‘மான்’, ‘நெல்மான்’, ‘ஸ்யோநெல்மான்’ எனப் பின்னாலிருந்து கட்டிச் சொல்லவைத்தார். மூன்றாவது சுற்றில் முழுச்சொல்லும் தடுமாறாமல் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

கட்டணம் நியாயமானது; இருக்கைகள் போதவில்லை.

பெரிய குறை என்றால், வீட்டுக்குத் தரும் அச்சுத்தாளைத்தான் சொல்ல வேண்டும். வரி முடிவில் சொல்லை உடைத்து எழுதும் முறைப்படி அதில் ஒன்பது துண்டுகள் உள்ளன. எட்டாவதான ‘லெ’ தென் பிரான்சில் பலர் வாயில் ஒலித்தாலும் பொதுவழக்கில் மறைந்துவிடும் என்ற குறிப்பு அங்கே இல்லை. அதை நம்பி ஒரு வாரம் முழுவதும் தவறாகப் பயின்றேன். புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளே தாளை எடுத்துச் சென்று, எழுத்துப் பிரிப்பு எது, ஒலிப் பிரிப்பு எது என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் ஆசிரியை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, அந்த ‘லெ’யைப் பென்சிலால் வட்டமிட்டும் தருகிறார்.