ஆழம் குறைந்த கடலில் ஒலி மோடம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

நீருக்கடியில் ஒலி வழியே தகவல் அனுப்பும் கருவிதான் ஒலி மோடம். அதன் விவரத்தாளில் போட்டிருக்கும் வேகத்தை முதலில் மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஆழ்கடலில் செங்குத்தாகப் பேசும்போது கிடைப்பது. 20 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் பேச வைத்தால், நொடிக்குச் சில ஆயிரம் பிட் என்று விற்கப்படும் மோடம் சில நூறுக்கு இறங்கிவிடும்.

பாடாய்ப் படுத்துவது தூரம் அல்ல, எதிரொலி. இரு முனைகளும் 10 மீட்டர் ஆழத்தில், நடுவே 1 கிலோமீட்டர் என்றால், மேற்பரப்பில் ஒருமுறை பட்டு வரும் ஒலி நேராக வருவதைவிட 0.13 மில்லிநொடிதான் பிந்தும். இடைவெளியை 100 மீட்டராகக் குறைத்தால் 1.3 மில்லிநொடி பிந்தும். மேற்பரப்பிலும் தரையிலும் மாறி மாறி ஐந்து முறை பட்டு வருவதோ ஏறக்குறைய 28 மில்லிநொடி. இப்படிப் பிந்தி வருவது அடுத்த பிட்டுகளின் மேல் விழுந்து குழப்பும். கிட்டே வைத்தால் நன்றாகக் கேட்கும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. பவரைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும்; தீர்வது பேட்டரிதான். பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

பவர் உதவும் இடம் ஒன்று உண்டு: சொடுக்கு இறால் (கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் இறால்) மண்டிய வெப்பக் கடல்கள். அதன் படபடப்பு இரைச்சல் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். பிழைதிருத்தத்தோடு, பிட்டுகளின் வரிசையைக் கலைத்து அனுப்பும் வசதியையும் போட்டுவையுங்கள்.

நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தாலே 25 கிலோஹெர்ட்ஸில் டாப்ளர் விலகல் (நகர்வதால் அதிர்வெண் மாறுவது) 17 ஹெர்ட்ஸ். படகு ஓரத்தில் தொங்கவிட்ட மோடம் அலையில் ஆடும்போது தகவலுக்கு முன்னால் வரும் அறிமுகச் சமிக்ஞை பிடிபட்டும் தகவல் சிதைவது இதனால்தான்.

1.5 கிலோமீட்டர் கடக்க ஒலிக்கு ஒரு நொடி ஆகும். பேக்கெட்டுக்குப் பேக்கெட் (தகவல் துண்டு ஒவ்வொன்றுக்கும்) பதில் கேட்டால் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். பலவற்றை அனுப்பிவிட்டு ஒரே பதில் கேளுங்கள்.

வேறு வேறு தயாரிப்புகள் பொதுவாக ஒன்றோடொன்று பேசாது. எல்லா மோடங்களுக்கும் பொதுமொழியான நேட்டோவின் ஜானஸ் தரம் (மைய அதிர்வெண் 11.52 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 80 பிட்) இருந்தால் வாங்குங்கள். ஆமை வேகம்தான், ஆனாலும் நிலைச்செய்தி அனுப்பப் போதும்.

டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி வாங்கும் முனையை) காற்றடைத்த மிதவைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்; அந்தத் திசையில் ஒலி மறையும். நீரில் இறக்கியதும் அதன் முகத்தில் ஒட்டும் குமிழிகளைக் கையால் துடைத்துவிடுங்கள். கொட்டலசு படிந்தால் பிளாஸ்டிக் சுரண்டிதான். கத்தி பட்டு மேலுறை கிழிந்தால் உள்ளே நீர் இறங்கும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கும் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிது. அதன் பள்ளத்தில் ஒரு மயிரிழை கிடந்தாலும் கசியும்.