வறண்ட கிணற்றுக்கு சைடு போரா, ஹைட்ரோ பிராக்சரிங்கா?

வாழப்பாடிப் பக்கம் எங்கள் பாக்குத் தோப்புக் கிணறு சித்திரையில் அடி தெரிந்தது. பக்கத்தில் இருந்த பழைய போரும் கொஞ்ச நேரம் ஓடினால் காற்று வாங்கியது. போரை இன்னும் இறக்கலாம், ஹைட்ரோ பிராக்சரிங் செய்யலாம், கிணற்றுச் சுவரில் படுக்கையாகத் துளைக்கும் சைடு போர் போடலாம் என்றார்கள். நாங்கள் சைடு போர் போட்டோம்.

ஆழப்படுத்துவது சுலபம். திருச்செங்கோட்டு போர் வண்டி ராத்திரியோடு வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஆனால் சேலத்துப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். வெறும் புழுதி மட்டுமே கிளம்பிய போர் எந்த ஊரில் இல்லை?

ஹைட்ரோ பிராக்சரிங் என்பது ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையிலிருந்து வாயு எடுக்கும் உத்தியின் சின்ன வடிவம். போருக்குள் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பானை இறக்கி அடைத்து, அதற்குக் கீழே தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். மண் அடைத்த வெடிப்புகள் திறக்கும், ஒன்றோடொன்று சேரும். ஷேலுக்குப் போல மணலும் ரசாயனமும் இங்கே பெரும்பாலும் வேண்டியதில்லை.

ஷேலிலும் படுக்கையாகத் துளைக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பாறையில் வாயு நகர வழியே இல்லை, அதனால் துளைத்த பிறகு உடைத்தே ஆகவேண்டும். நம் பாறையில் வெடிப்பு ஏற்கெனவே இருக்கிறது, நிறைய செங்குத்தாகவே. நேராக இறங்கும் போர் அவற்றைத் தொடாமலே போய்விடலாம். சைடு போர் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எங்கள் கிணற்றின் வடக்குச் சுவரில் முதலில் கல்மாவு கலந்த சாம்பல் தண்ணீர் கசிந்தது, சாயங்காலம் தெளிந்து ஓடியது.

எனக்கு முடிவைக் கொடுத்தது பராமரிப்புதான். ஆழ்போரில் மோட்டார் எரிந்தால் வண்டி வரவேண்டும், ஒவ்வொரு பைப்பாகக் கழற்றித் தூக்கவேண்டும். நடுவில் சிக்கிக்கொண்டால் மோட்டாரோடு போரும் போச்சு. விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தானே என்பார்கள். மோட்டார் தூக்குவது இலவசமில்லை. சைடு போர்த் தண்ணீர் தானாகக் கிணற்றுக்குள் விழுகிறது. ஓபன்வெல் மோட்டாரை இரண்டு பேர் கயிறு கட்டித் தூக்கி, காயில் கட்டக் கொடுத்துவிட்டு வரலாம். துளை அடைத்தாலும் கோடையில் இறங்கிக் குத்திவிடலாம்.

இதெல்லாம் எங்கள் ஒரு கிணற்றை வைத்துச் சொல்வது. நிலத்தடி நீரே கிணற்றடிக்குக் கீழே போன இடத்தில் சைடு போரும் வறண்ட துளைதான். வீட்டுமனையில் போர் மட்டும் இருந்தால், இன்னும் இறக்குவதற்கு முன் ஹைட்ரோ பிராக்சரிங் கேட்டுப் பார்ப்பேன், அதுவும் மேல்மண் சரியாமல் போரில் இறக்கியிருக்கும் கேசிங் பைப் பாறையில் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் மட்டும்.