ஒட்டிப்போன கன்னம்: ஃபில்லரா, ஸ்கல்ப்ட்ராவா, சொந்தக் கொழுப்பா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் கல்யாணத்தில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னம்மா, சுகர் வந்துடுச்சா?" எனக்கு அப்போது 48 வயது, சுகர் கிடையாது. முட்டி வலிக்காக எட்டு மாதம் நடந்து, சோற்றைக் குறைத்து, ஒன்பது கிலோ இறக்கியிருந்தேன். வயிறு குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை, கன்னம் டொக்கு விழுந்ததுதான் பட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்து கல்யாண போட்டோவைப் பார்த்தபோது அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்று எனக்கே தோன்றியது. அதற்கு அப்புறம் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன், கடைசியில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தேன். என் அக்காவும் இப்போது அதே யோசனையில் இருக்கிறாள். அவளுக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், கன்னம் ஏன் ஒட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஊசிக்கும் கையை நீட்டாதீர்கள். முகத்தில் இருக்கும் கொழுப்பு ஒரே விரிப்பாகப் பரவியிருப்பது கிடையாது, தனித்தனிப் பைகளாக இருக்கிறது. 2007-ல் ரோரிக், பெஸ்ஸா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சடலங்களில் சாயம் செலுத்தி இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வயது ஏறும்போது இந்தப் பைகள் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. கன்னத்தின் நடுவில் ஆழத்தில் இருக்கும் பை வற்றினால் மேலே இருக்கும் தோல் தாங்க ஆளில்லாமல் இறங்கும். அடியில் இருக்கும் மேல்தாடை எலும்பும் தேய்கிறது. அதனால் ஒருவருக்குக் கண்ணுக்குக் கீழே பள்ளம், இன்னொருவருக்குக் கன்ன எலும்புக்குக் கீழே பள்ளம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

டயட் எதுவும் இல்லாமல் தானாக எடை குறைந்து கன்னம் ஒட்டியிருந்தால் அழகு கிளினிக்குக்குப் போவதற்கு முன் சுகர், தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனையும். கல்யாண வீட்டில் அந்த நாலு பேர் கேட்டது எரிச்சலாக இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான்.

பல்லை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு மேல் கடைவாய்ப்பல் இரண்டு பக்கமும் பிடுங்கி வருடக்கணக்காகிவிட்டது, பின்னால்தானே யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். பல் போன இடத்தில் தாடை எலும்பு கரையும், உள்ளேயிருந்து கன்னத்துக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பல் கட்டினால் முழு ஒட்டலும் சரியாகாது, ஆனால் மெல்லவும் உதவி கன்னத்துக்கும் கொஞ்சம் தாங்கல் கொடுக்கிற வழி இது ஒன்றுதான். நான் இதைத்தான் முதலில் செய்தேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சரி, ஊசிக்கு வருவோம். இப்போது அதிகம் போடப்படுவது ஹயலூரோனிக் அமில ஃபில்லர், அதாவது பள்ளத்தை நேரடியாக நிரப்பும் ஜெல் ஊசி. இந்தப் பொருள் நம் தோலிலும் மூட்டிலும் ஏற்கெனவே இருப்பதுதான். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கிறார்கள், அதை ஜெல்லாக இறுக்கி ஊசியில் அடைக்கிறார்கள். கன்னத்துக்கென்றே கெட்டியாகச் செய்த ஜூவெடெர்ம் வொலுமாவுக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கண்ணாடியில் அப்போதே தெரியும். வீக்கமும் ரத்தக்கட்டும் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். பொருளையும் உடம்பையும் பொறுத்து ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் வரை நிற்கும்.

இதன் பெரிய பலம் ஒன்று உண்டு. பிடிக்கவில்லை என்றாலோ ஏதாவது தப்பாகப் போனாலோ ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம், ஓரிரு நாளில் கரைந்துவிடும். இங்கே நான் சொல்லப்போகும் மற்ற எந்த வழிக்கும் இந்த வசதி கிடையாது. முதல் தடவை கன்னத்தில் கை வைக்கிறவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் நிறைந்த கன்னத்தோடு நம் முகம் நமக்குப் பிடிக்குமா என்பதே போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பலவீனம் அளவில் இருக்கிறது. ஒரு சிரிஞ்ச் என்பது 1 மி.லி. ஒரு தேக்கரண்டி 5 மி.லி. நன்றாக ஒட்டிய இரண்டு கன்னங்களுக்கு ஒரு சிரிஞ்ச் எந்த மூலைக்கு? நல்ல கம்பெனிப் பொருளில் ஒரு சிரிஞ்சே ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. காசு ஆகிறதே என்று அரைகுறையாகப் போட்டுக்கொண்டால் வித்தியாசமே தெரியாது. அதற்கு நேர்மாறாக, வருடாவருடம் மேல்மேலே ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குச் சிரிக்கும்போது கன்னம் கண்ணை மூடுகிறது. இரண்டையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊசி ரத்தக் குழாய்க்குள் போய் ஜெல் அடைத்துக்கொண்டால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம், முகத்துக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்திருப்பதால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி போட்ட இடம் வெளுத்துப்போனாலோ, வலை மாதிரி நீலம் பாரித்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்ல வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகக்கூடாது. பார்லரில் ஃபேஷியல் செய்கிறவரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா என்று பாருங்கள், ஹயலூரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளித்த ஒரு இடத்திலிருந்து நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது ஸ்கல்ப்ட்ரா என்ற ஊசி. இதில் இருப்பது பாலி லாக்டிக் அமிலம், தானாகக் கரையும் தையல் நூலின் குடும்பம். இது பள்ளத்தை நேரடியாக நிரப்பாது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை நம் தோலையே உண்டாக்கத் தூண்டும். ஊசி போட்டதும் தெரியும் உப்பல் மருந்தோடு கலந்த தண்ணீர்தான், சில நாளில் வடிந்துவிடும், ஏமாந்துபோக வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் வழக்கமாக மூன்று தடவை போட வேண்டும், பலன் மெல்ல மெல்ல வரும், இரண்டு வருடம் போல நிற்கும். முடிச்சு முடிச்சாகக் கட்டாமல் இருக்க ஐந்து நாள், நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் கன்னத்தை நீவிவிடச் சொல்கிறார்கள்.

இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2004-ல் முதல் அனுமதி கிடைத்தது எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக. ஸ்டாவுடின் மாதிரியான பழைய எச்.ஐ.வி. மாத்திரைகள் முகக் கொழுப்பைக் கரைத்துக் கன்னத்தை எலும்போடு ஒட்டவைத்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில்தான். 2004-ல் அரசு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது ஸ்டாவுடினும் அதில் இருந்தது. உயிரைக் காத்த மாத்திரையே முகத்தை வைத்து ஊருக்குக் காட்டிக்கொடுத்தது, அந்தக் கன்னத்தை மறைக்கவே வெளியே வராமல் இருந்தவர்கள் உண்டு. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. கன்னத்துக்கு வைத்தியம் செய்வதை வெட்டி ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

ஒட்டல் முகம் முழுக்கப் பரவியிருந்தால், தோலும் மெலிந்திருந்தால், அவசரம் இல்லை என்றால் ஸ்கல்ப்ட்ரா நல்ல தேர்வு. யாருக்கும் தெரியாமல் மாறும் என்பது இதன் அழகு. ஆனால் முடிச்சு விழுந்தால் கரைக்க மருந்து இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ரேடியஸ் என்ற ஊசி ஃபில்லர், ஸ்கல்ப்ட்ரா இரண்டுக்கும் நடுவில். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கால்சியம் தாது, உடனே நிரப்பும், கொஞ்சம் கொலாஜனையும் தூண்டும், ஒரு வருடம் ஒன்றரை வருடம் வரும். கரைக்க முடியாது என்பதால் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சொந்தக் கொழுப்பு வேறு கணக்கு. வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, கன்னத்தில் துளித்துளியாக வைக்கிறார்கள். யோசனை பழசு. 1893-லேயே குஸ்தாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் கையிலிருந்து எடுத்த கொழுப்பை முகத் தழும்பில் வைத்தார். நூறு வருடம் கழித்து நியூயார்க்கில் சிட்னி கோல்மன் அதைச் சீரான முறையாக்கினார். சிரிஞ்ச் எண்ணிக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கண்ணுக்குக் கீழே, நெற்றிப்பொட்டு, கன்னம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம், பிழைத்த கொழுப்பு வருடக்கணக்கில் இருக்கும்.

பிழைத்த கொழுப்பு என்று சொன்னேனே, சிக்கலே அங்கேதான். வைத்ததில் பாதி பிழைத்தால் நல்லது என்ற அளவில்தான் டாக்டர்களே பேசுகிறார்கள். நாற்று நட்டால் எல்லாமா வேர் பிடிக்கிறது? ரத்த ஓட்டம் எட்டிய துளி பிழைக்கும், மற்றது கரையும், இரண்டு கன்னத்திலும் ஒரே அளவு பிழைக்கும் என்றும் இல்லை. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். மூன்று வாரம் வீக்கத்தோடு இருக்க வேண்டும், இறுதி முகம் தெரிய ஆறு மாதம் ஆகும், இரண்டாம் தடவை தேவைப்படலாம். அப்புறம், அது வயிற்றுக் கொழுப்பின் குணத்தோடுதான் இருக்கும், உடம்பு எடை ஏறினால் கன்னமும் ஏறும். நம் சொந்தக் கொழுப்புதானே என்ற தைரியமும் வேண்டாம், பார்வை போனதாக மருத்துவ இதழ்களில் பதிவான சம்பவங்களில் கொழுப்பு ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் கரைக்க மருந்தும் கிடையாது.

சிலிகான் கன்ன இம்ப்ளான்ட் எலும்பே குறைவாக இருப்பவர்களுக்குத்தான். நடுத்தர வயது ஒட்டலுக்கு அது தேவையில்லை. நூல் போட்டுத் தூக்கும் த்ரெட் லிஃப்ட் தோலை இழுக்கும், நிரப்பாது. காலிப் பையைத் தூக்கிக் கட்டினால் அது நிறைந்துவிடுமா என்ன?

ஹைஃபு பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறு தடவை பேக்கேஜ் எடுத்தால் கன்னம் நிறையும் என்றார்கள். அது ஒலி அலையால் தோலுக்கு அடியில் சூடேற்றி இறுக்கும் கருவி. கொழுப்பு அதிகமாக இருந்து தொங்கும் முகத்துக்குச் சரி. ஏற்கெனவே கொழுப்பு வற்றிய முகத்தில் இருக்கிற கொஞ்சத்தையும் அது கரைத்துவிடும் ஆபத்து உண்டு. என் முகம் அப்படிப்பட்டதுதான் என்று பார்த்தாலே தெரியும், ஆனாலும் விற்கப் பார்த்தார்கள்.

காசு செலவில்லாமல் ஏதும் இல்லையா என்றால், முகப் பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 40 முதல் 65 வயதுப் பெண்களை 20 வாரம் பயிற்சி செய்யவைத்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மேல் கன்னமும் கீழ்க் கன்னமும் ஓரளவு நிறைந்ததாகக் கண்டார்கள். சேர்ந்த 27 பேரில் 16 பேர்தான் கடைசிவரை செய்தார்கள், முதல் எட்டு வாரம் தினமும் அரை மணி நேரம் செய்ய வேண்டும். ஆரம்ப ஒட்டலுக்கு, பொறுமை இருப்பவர்களுக்கு, பரவாயில்லை.

எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன, மௌன்ஜாரோ மார்ச்சில், வெகோவி ஜூனில். வேகமாக இளைத்துக் கன்னம் வற்றியவர்கள் இனி நிறைய வருவார்கள். அவர்களுக்கு ஒரே வார்த்தை: எடை ஒரு இடத்தில் நின்று சில மாதம் ஆகட்டும், அதற்கு முன் கன்னத்தில் கை வைக்க வேண்டாம்.

நான் பல்லைக் கட்டிக்கொண்டு, எடை நின்றபின், ஃபில்லர் 2 மி.லி. போட்டுக்கொண்டேன், பக்கத்துக்கு ஒன்று. பதினாலு மாதமாகிறது, பாதி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். முகம் நிறைந்தால் எனக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அடுத்த தடவை ஸ்கல்ப்ட்ராவுக்குப் போகும் எண்ணம்.

அக்காவுக்கு 57. ஒட்டல் என்னைவிட அதிகம், நெற்றிப்பொட்டும் உள்வாங்கிவிட்டது. சிரிஞ்ச் கணக்குப் போட்டால் ஆறேழு வரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு அவள் பென்ஷனுக்குத் தாங்காது. அவளுக்குச் சொந்தக் கொழுப்புதான் பொருந்தும் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொல்கிறார், எனக்கும் அதுவே படுகிறது. ஆனாலும் முதலில் ஒரே ஒரு சிரிஞ்ச் ஃபில்லரை வைத்து அந்த முகம் அவளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பேத்தி காதுகுத்து முடிந்து ஆவணியில் போகிறோம்.