பெட்டியில் ஒன்றரை டன், பிற்பகலில் எவ்வளவு?

இந்த ஏசியை வாங்கி இரண்டு கோடை ஓடிவிட்டது. முதல் கோடையில் விமர்சனம் எழுதியிருந்தால் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பேன், அதுவும் ரிமோட்டில் எழுத்துகள் பெரிதாக இருப்பதற்காக. இப்போது மூன்றரை. இடையில் ஏசியில் ஒரு பாகம்கூட மாற்றவில்லை. அவுட்டோர் யூனிட்டை நான்கு அடி நகர்த்தினோம், அவ்வளவுதான். அந்த நான்கு அடிக்கு ஒரு வருடமும் மூன்று மெக்கானிக்குகளும் தேவைப்பட்டார்கள்.

நாங்கள் இருப்பது பாலைவனத்து ஊர். கோடைப் பிற்பகலில் நிழலிலேயே 46 டிகிரி சாதாரணம். படுக்கையறை 14க்கு 12 அடி, மேல்மாடி, மேற்கே ஒரு பெரிய ஜன்னல், தலைக்கு மேல் வெயில் குடிக்கும் கான்கிரீட் கூரை. கடைக்காரர் நீள அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு, ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் தாராளம் என்றார். இன்வர்ட்டர் என்றால் தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை. ஜன்னல் எந்தத் திசை, மேலே இன்னொரு மாடி உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் தாராளம்தான். ஏழு மணிக்கு 23 வைத்தால் போர்வையைத் தேடுவோம். பதினொரு மணிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்க ஆரம்பிக்கும். மூன்றரை மணிக்கு ரிமோட்டில் 24, மேசைமேல் வைத்த தெர்மாமீட்டரில் 31. என் கணவர் உடனே 18க்கு இறக்குவார். ஏற்கெனவே மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸருக்கு, அதாவது கேஸை அழுத்தும் மோட்டாருக்கு, 24 என்றாலும் ஒன்றுதான், 18 என்றாலும் ஒன்றுதான். எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எவ்வளவு வேகம் என்பதை அல்ல. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அவர் விரல் கேட்பதில்லை.

எனக்குக் கணக்கெழுதிப் பழகிய கை. ஒரு பழைய நோட்டை எடுத்து வெளிவெப்பம், அறைவெப்பம், இன்டோர் யூனிட்டிலிருந்து வரும் காற்றின் வெப்பம் மூன்றையும் மணிக்கு மணி குறிக்கத் தொடங்கினேன். “ஏசிக்கு ஜாதகம் எழுதுகிறாயா?” என்று கணவர் சிரித்தார். அந்த ஜாதகம்தான் பிறகு காப்பாற்றியது.

முதல் மெக்கானிக் விற்ற நிறுவனத்திலிருந்து வந்தார், காலை ஒன்பது மணிக்கு. பத்து நிமிடத்தில் அறை 25. “நன்றாகத்தானே இருக்கிறது, மேடம்?” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். வயிற்றுவலிக்காரன் டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுபோவது போல.

இரண்டாமவர் கொஞ்சம் யோசித்தார், ஆனால் தவறாக யோசித்தார். தண்ணீர் வடியும் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தார். சொட்டுக்கூட இல்லை. “தண்ணீரே வரவில்லை, கேஸ் குறைந்துவிட்டது” என்றார். கடலோர ஊரில் தொழில் கற்றவராக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால்தான் அது இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டுத் தண்ணீராகும். எங்கள் ஊர்க் காற்றில் துவைத்த துணி அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். அதிலிருந்து என்ன பிழிய முடியும்? மேலும், ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், முதலில் கசிவைத் தேட வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தலையாட்டினேன், அவர் கேஸ் ஏற்றினார். மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு மேல் ஏசி தானாகவே நின்று, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது. 31 இப்போது 33.

மூன்றாமவர் தனியாகத் தொழில் செய்பவர், வயதானவர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது: “எத்தனை மணிக்கு மோசமாக இருக்கும், அம்மா?” சரியாக அந்த நேரத்துக்கு, கொளுத்தும் மூன்று மணிக்கு வந்தார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே நான்கு பக்கம் படித்தார். இரண்டாமவர் வருவதற்கு முந்திய நாள்களில், யூனிட் உள்ளே இழுக்கும் காற்று 30 என்றால் வெளியே விடும் காற்று 19 என்று எழுதியிருந்தேன். அந்தப் 11 டிகிரி வித்தியாசத்தின்மேல் விரலை வைத்து, “மிஷின் அப்போதெல்லாம் நோயாளி இல்லை, தூக்க முடியாத பாரத்தைத் தூக்கியிருக்கிறது” என்றார்.

பிறகு அவுட்டோர் யூனிட்டைப் பார்க்கப் போனோம். கட்டியவர்கள் அதை அழகுக்காக ஒரு மாடத்துக்குள் வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் சுவர், முன்னால் இரும்புச் சட்டங்கள் போட்ட கதவு. என் தெர்மாமீட்டரை வாங்கி ஒரு நூலில் கட்டி, யூனிட்டின் முதுகுப்பக்கம், காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் தொங்கவிட்டார். மாடத்துக்கு வெளியே நிழலில் 46. நூலில் தொங்கியது 48, 51, 53 என்று ஏறி 55ல் நின்றது. யூனிட் துப்பிய அனல் கதவுச் சட்டங்களில் மோதித் திரும்பி, முதுகுப்பக்கமாக மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு 46, என் ஏசிக்கு மட்டும் 55.

இதில் ஒரு விஷயம் விளங்கியது. வீட்டுக்குள்ளிருந்து அள்ளிய சூட்டை வெளியே கொட்ட வேண்டுமென்றால், கேஸ் வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாக வேண்டும். என்னுடையதில் இருக்கும் கேஸின் பெயர் ஆர்-410ஏ. சுமார் 71 டிகிரியைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. வெளிக்காற்றே 55 என்றால் கிட்டத்தட்ட விளிம்பில் நிற்கிறோம். அதன்மேல் தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் அழுத்தத்தை இன்னும் கூட்டியது. பாதுகாப்பு சுவிட்ச் மிஷினை நிறுத்தியது. மோட்டாரை நடத்தும் சர்க்யூட் பலகை சூடானாலும் இன்வர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடுமாம். அதாவது, எனக்கு அது அதிகம் வேண்டியிருக்கும் வேளையில்தான் அது நிதானத்துக்கு வரும்.

வடக்குச் சுவரில், எதிரே மறைப்பு எதுவும் இல்லாத இடத்துக்கு யூனிட்டை மாற்றினார். இருந்த கேஸை வேறு சிலிண்டரில் எடுத்துக்கொண்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, யூனிட்டில் ஒட்டிய தாளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து ஏற்றினார். தராசு கொண்டுவந்த ஒரே ஆள் அவர்தான். அவுட்டோர் யூனிட்டில் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீர்த் தாரையில் கழுவினார். சந்தனம் கரைத்தது போலப் புழுதி வழிந்தது. ஒவ்வொரு புழுதிக்காற்றுக்குப் பிறகும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இப்படிக் கழுவ வேண்டும், பிரஷர் பம்ப்பால் அடித்தால் தகடு மடங்கிவிடும் என்றார்.

மறுநாள் மூன்றரை மணி: வெளியே 46, யூனிட் இழுக்கும் காற்று 47, அறை 27. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல்வலை கட்டியபின் 26. உள்ளே கனமான திரை போட்டு வருடம் முழுவதும் ஏமாந்திருக்கிறோம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை என்ன செய்யும்?

இனி அந்த ஒன்றரை டன்னைப் பற்றி. ஒரு டன் என்பது ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூட்டின் அளவு. சூட்டை அளக்கும் பி.டி.யு. என்ற அலகில் மணிக்கு 12,000. அந்தக் கணக்கில் என்னுடையது 18,000. ஆனால் இதை அளப்பது எந்த வெயிலில்? ஐ.எஸ்.ஓ. 5151 என்ற தரநிலையில் டி1 என்ற சோதனைக்கு வெளிவெப்பம் 35 டிகிரி. எங்கள் ஊரில் அது விடியற்காலை. டி3 என்று இன்னொரு சோதனை இருக்கிறது, அதற்கு 46 டிகிரி. என் ஏசியின் கையேட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், எறும்பு எழுத்தில், டி3 அளவு 15,300 என்று போட்டிருக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது 18,000. அந்த டி3 சோதனையும் அறைக்குள் 29 டிகிரி என்று வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. 24ல் படுத்துத் தூங்க நினைக்கும் நான் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பொய் என்று சொல்லமாட்டேன், அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பாலைவனத்தில் விற்கும் பெட்டியில் எந்த எண் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்தேன். இங்கே இருப்பவர்கள் டன்னைக் கேட்காமல் டி3 எண்ணைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் கையேட்டை வாங்கி நீங்களே பாருங்கள். மேல்மாடி, மேற்கு ஜன்னல் என்றால் ஒரு படி பெரிதாக வாங்குங்கள்.

ஈர மெத்தை வைத்த ஏர் கூலர் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், எங்கள் கூடத்தில் அதுதான் ஓடுகிறது. ஏசி ஓடும் மூடிய அறையில் மட்டும் வைக்காதீர்கள். அது ஈரத்தைச் சேர்க்கும், ஏசி அதைப் பிழிந்து வெளியே தள்ளும், இரண்டுக்கும் நீங்கள் கரண்ட் கட்டுவீர்கள்.

சத்தம் குறைவு, குறை சொல்ல முடியாது. ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது எளிது. இரவு பத்து மணிக்கு இன்னும் 27க்குக் கீழே வருவதில்லை, அது ஏசியின் தவறில்லை. கட்டில்மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இஸ்திரி போட்ட சட்டை போலச் சூடு. பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் அந்நேரத்தில்தான் கக்குகிறது. வெள்ளைப் பூச்சு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் அரை நட்சத்திரத்தைக் குறைத்தது இன்டோர் யூனிட்டின் முகப்பில் ஒளிரும் எண்ணுக்காக. அது அறையின் வெப்பத்தைக் காட்டுவதில்லை, நாம் வைத்த எண்ணையே திருப்பிக் காட்டுகிறது. வெளியே தீப்பிடித்து எரிந்தாலும் 18 என்று நீல நிறத்தில் மின்னும். என் கணவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்.