கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கா, கூகுள் டிரைவா?

வீட்டுக் கணினியில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் காக்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளை எடைபோடுகிறார்கள். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பது ஒன்று. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்பில் ஏற்றிவிடுவது மற்றொன்று. டிஸ்க் பழுதாகும், கிளவுட் பழுதாகாது என்று சொல்லிப் பலர் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். எந்த ஆபத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த விடை மாறும்.

முதலில் கோப்புகளைப் பணயம் வைத்துப் பணம் பறிக்கும் நிரலான ரேன்சம்வேரை எடுத்துக்கொள்வோம். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர், மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்த பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் அந்நேரம் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே யூஎஸ்பியில் எந்நேரமும் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது. ஒத்திசைவில் உள்ள கிளவுட் கோப்புறையும் தப்பாது. கணினியில் நிகழும் மாற்றத்தை அப்படியே மேலே அனுப்புவதுதான் அதன் வேலை என்பதால், பூட்டப்பட்ட கோப்பையும் புதிய பதிப்பு என்றே அது ஏற்றுக்கொள்ளும். பழைய பதிப்பை மீட்க வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடுவும் உண்டு. தவறுதலாக நீக்கிய கோப்பைக்கூட கூகுள் டிரைவ் 30 நாள்கள்தான் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும். வாரம் ஒருமுறை நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைக்கும் டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை எட்டாது.

கொள்ளளவிலும் வேகத்திலும் டிஸ்க்கின் கையே ஓங்கியிருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 200 ஜிபி படங்களை ஏற்ற ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். வினாடிக்கு 100 மெகாபைட் (அதாவது 800 மெகாபிட்) எழுதும் டிஸ்க்கில் அது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேலை.

ஆயினும் வெள்ளம், தீ, திருட்டு என்று வரும்போது கிளவுட்டே வெல்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்தது போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், மேசையில் இருக்கும் கணினியும் கீழ்த்தட்டில் இருக்கும் டிஸ்க்கும் ஒரே நீரில்தான் நனையும். திருடுபோன டிஸ்க்கை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதும் கவலைக்குரியது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதை விண்டோஸின் குறியாக்கக் கருவியான பிட்லாக்கரால் பூட்ட வசதியில்லை, வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளை நாட வேண்டும். கிளவுட் கணக்குக்கோ, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இல்லையென்றால், கடவுச்சொல் கசிந்த அன்றே எல்லாம் பறிபோகும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கழற்றி வைக்கும் டிஸ்க்கையே நான் எடுப்பேன். பத்திரம், சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன் நகல்களுக்கு மட்டும் இலவச கிளவுட் இடம் தாராளமாகப் போதும். டிஸ்க்கின் குறை அதை எடுத்துச் செருக ஓர் ஆள் வேண்டும் என்பதே. கடைசியாக நகலெடுத்த தேதியை அதன்மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுகிறேன். அந்தத் தேதி ஒரு மாதம் பழசாகிக் கிடப்பது என் வீட்டிலும் நடக்கிறது.