ஒரே நாளில் தேர்வான மூன்று ஷார்ட்ஸ்டாப்கள்: விட், ஹெண்டர்சன், வோல்பி

2019 ஜூன் 3 அன்று நடந்த அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த மூன்று பையன்களுக்கு அழைப்பு வந்தது. டெக்சஸைச் சேர்ந்த பாபி விட் ஜூனியரை கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2-வது ஆளாக எடுத்தது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஆண்டனி வோல்பியை நியூயார்க் யாங்கீஸ் 30-வது ஆளாக எடுத்தது. அலபாமாவில் செல்மா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த கன்னர் ஹெண்டர்சனை பால்டிமோர் ஓரியோல்ஸ் 42-வது ஆளாக எடுத்தது. மூவருமே ஷார்ட்ஸ்டாப்.

இன்று யாரைக் கேட்டாலும் விட் முதலில், ஹெண்டர்சன் அடுத்து, வோல்பி கடைசி என்றுதான் சொல்வார்கள். நடந்து முடிந்தபின் சொல்வது சுலபம். 2022 தொடங்கும்போது வெளியான இளம் ஆட்டக்காரர்கள் பட்டியல்களில் வோல்பி முதல் பத்துக்குள் இருந்தார், ஹெண்டர்சன் வெகு கீழே இருந்தார். அப்போது கண்ணில் படாமல் போனது எது என்பதுதான் என் கேள்வி. இன்னொரு பதினெட்டு வயதுப் பையனை மதிப்பிடும்போது அதுதானே உதவும்.

பேஸ் என்பது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனை. ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர். வலக்கை பேட்டர் இழுத்து அடிக்கும் பந்து பெரும்பாலும் இவர் பக்கம்தான் வரும். கிரிக்கெட்டில் பாயிண்ட்டில் ஜடேஜா நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே தரையோடு வரும் பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது. அடித்தவர் 90 அடி ஓடி முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு வலக்கை பேட்டருக்குச் சராசரியாக 4.3 விநாடி ஆகும். பந்து வந்து சேரும் நேரம், பிடிக்கும் நேரம், கிளவுஸிலிருந்து வெறுங்கைக்கு மாற்றும் நேரம், எறிந்த பந்து பறக்கும் நேரம் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

இளைஞர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் ஸ்கவுட்கள் ஐந்து திறமைகளுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். மட்டையில் பந்தைப் படவைப்பது, அடியில் உள்ள பலம், ஓட்டம், பிடிப்பது, எறிவது. 50 என்றால் உச்ச நிலை ஆட்டமான மேஜர் லீக்கின் சராசரி. இந்தக் கணக்குப்படி பார்த்தால் விட் பக்கத்தில் யாரும் வர முடியாது. விநாடிக்கு 30 அடிக்கு மேல் ஓடுகிறார். லீக் சராசரியே 27 அடிதான். அப்பா பாபி விட்டும் 1985 டிராஃப்டில் 3-வது ஆளாகத் தேர்வான பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்), ஆகவே பையன் மேஜர் லீக் சூழலிலேயே வளர்ந்தவர்.

ஆனால் அந்த ஐந்தில் ஒன்று இல்லை. எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டையை எட்ட ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். அடிக்கவா விடவா என்று முடிவு செய்ய அதில் பாதி நேரம்கூடக் கிடைக்காது. மூவரையும் பிரித்தது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

விட்டை எடுத்துக்கொள்வோம். 2021-ல் மைனர் லீக்கின் மேல் இரண்டு படிகளான டபுள் ஏ, டிரிபிள் ஏ இரண்டிலும் சேர்த்து 33 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி), 29 ஸ்டீல் (பந்தை அடிக்கும் முன்பே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது). அடுத்த ஆண்டு ஏப்ரலில் நேராக மேஜர் லீக். முதல் சீசனில் 20 ஹோம் ரன், 30 ஸ்டீல். தலைப்புச் செய்தியாக நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தால் 30 வாக் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸைச் சும்மா பெறுவது), 135 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது). பேஸை எட்டிய விகிதம் .294 மட்டுமே. வெளியே விலகிப்போகும் ஸ்லைடர் என்ற வளையும் பந்தைத் துரத்தித் துரத்தி அடித்துக்கொண்டிருந்தார். கிளவுஸும் கைகொடுக்கவில்லை. அந்த ஆண்டின் தற்காப்புக் கணக்குகளில் ஷார்ட்ஸ்டாப்களின் அடிமட்டத்தில் அவர் பெயர் இருந்தது. மூன்றாவது பேஸுக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

இரண்டு ஆண்டு கழித்து, 2024-ல், அதே ஆளுக்கு 57 வாக், 106 ஸ்ட்ரைக் அவுட். பேட்டிங் சராசரி .332, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் இடம். அதோடு 32 ஹோம் ரன், 31 ஸ்டீல், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதும். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாக்கெடுப்பில் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜுக்கு அடுத்த இடம். அடிக்கும் பாணியைக் கவிழ்த்துப் போட்டு வந்த வளர்ச்சி இல்லை இது. அடியில் உள்ள பலம் அதேதான், ஓட்டமும் அதேதான். எதைத் துரத்தக்கூடாது என்று கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தச் சீசன் தொடங்குவதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், ராயல்ஸ் அவரோடு 11 ஆண்டுக்கு 28 கோடியே 87 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டது. சின்ன ஊர் அணிக்கு அது பெரிய துணிச்சல். விட்டின் முதல் ஆண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

ஹெண்டர்சன் இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர். ஆறடி மூன்று அங்குலம், இடக்கை பேட்டர். 2020-ல் கொரோனாவால் மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்தானபோது ஓரியோல்ஸ் அவரை போவியில் நடந்த மாற்றுப் பயிற்சி முகாமில் சேர்த்தது. பத்தொன்பது வயதுப் பையன், எதிரே வந்தவர்கள் எல்லாம் மேஜர் லீக் வாசலில் நின்ற பிட்சர்கள். நன்றாக அடி வாங்கினார். அந்த அடி வீண்போகவில்லை. 2022-ல் அதே போவியில் டபுள் ஏ ஆடியபோது 47 ஆட்டங்களில் 41 வாக், 38 ஸ்ட்ரைக் அவுட். இருபது வயதில் ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் அதிகம் எடுக்கும் பலசாலி பேட்டர் அபூர்வம். பட்டியலில் இவர் கிடுகிடுவென மேலே போனது இதற்குப் பின்தான். ஆகஸ்ட் 31-ல் கிளீவ்லாந்தில் முதல் மேஜர் லீக் ஆட்டம். முதல் ஹிட்டே ஹோம் ரன். அந்தச் சுழற்றலில் ஹெல்மெட் தலையைவிட்டுப் பறந்துபோனது, அவர் வெறுந்தலையோடு பேஸ்களைச் சுற்றி ஓடினார். வீடியோ கிடைத்தால் பாருங்கள், அந்த இடுப்புத் திருப்பத்தில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று புரியும்.

2023 தொடக்கத்தில் மாட்டிக்கொண்டார். மே மாத நடுவில் சராசரி .200-ஐத் தொடவில்லை. வாக் என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. பந்தைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டே இருந்தார், அடிக்க வேண்டிய பந்தும் போய்விட்டது. விட் விடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் ஹெண்டர்சன் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜூனில் முன்கூட்டியே தாக்க ஆரம்பித்தார். சீசன் முடிவில் 28 ஹோம் ரன், தேர்வாளர்களின் முதலிட ஓட்டு ஒன்றுகூடச் சிதறாமல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம். அடுத்த ஆண்டு 37 ஹோம் ரன். அந்த அணியின் ஜாம்பவான் கேல் ரிப்கன் பால்டிமோர் ஷார்ட்ஸ்டாப்பாக 1991-ல் அடித்த 34-ஐயும் தாண்டிவிட்டார். அந்த ஊரில் ரிப்கன் பெயரைத் தாண்டுவது என்றால் என்ன என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. அந்த ஆண்டு 25 எரர் (பிடிப்பதிலோ எறிவதிலோ செய்யும் பிழை). எறிகை பலமானது, ஆனால் கால் சரியாக ஊன்றுவதற்குள் எறிந்துவிடுகிறார். அந்த உடம்புக்கு என்றாவது ஒருநாள் மூன்றாவது பேஸுக்கு நகர வேண்டி வரலாம். என்னைக் கேட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த மட்டை எந்த இடத்தில் நின்றாலும் அணியில் இருக்கும்.

வோல்பி பற்றி நிதானமாகப் பேச வேண்டும். காரணம், எனக்கு மிகவும் பிடித்த பையன் அவர்தான். 2022-ல் அவர் ஆடிய சாமர்செட் பேட்ரியட்ஸ் மைதானம் பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறது. நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு அந்த ஊர் வெங்கடேஸ்வரர் கோயிலை வைத்துத்தான் பழக்கம். சனிக்கிழமை காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு மாலையில் டபுள் ஏ ஆட்டம் பார்க்கலாம். சின்ன மைதானம் என்பதால் ஆட்டக்காரரின் காலைப் பார்க்க முடியும். இன்ஃபீல்டரை (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரை) எடைபோட நான் கையைப் பார்ப்பதில்லை. பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும் நொடியில் நல்ல ஷார்ட்ஸ்டாப் லேசாக ஒரு துள்ளல் துள்ளுவார். பந்து மட்டையில் படும்போது இரண்டு பாதமும் தரையைத் தொட்டிருக்கும், எந்தப் பக்கமும் பாயலாம். சுமாரான ஆள் குதிகாலில் நிற்பார். வோல்பிக்கு அந்தத் துள்ளல் பிசகியதே இல்லை. எறிகையில் மற்ற இருவர் அளவுக்குப் பலம் இல்லாதவர், காலால் அதைச் சரிக்கட்டினார்.

அந்தப் பையனின் கதையும் சினிமா மாதிரி. சின்ன வயதிலிருந்தே யாங்கீஸ் ரசிகர். 2020-ல் மைனர் லீக் இல்லாதபோது வீட்டோடு இருந்து உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து 2021-ல் 27 ஹோம் ரன், 33 ஸ்டீல். 2023 மார்ச்சில் பயிற்சி ஆட்டங்களிலேயே யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் இடத்தைப் பிடித்தார், வயது 21. முதல் ஆண்டு 21 ஹோம் ரன், 24 ஸ்டீல், கோல்டு கிளவ். யாங்கீஸ் புதுமுகம் எவரும் அதற்கு முன் கோல்டு கிளவ் வாங்கியதில்லை. ஆனால் சராசரி .209, ஸ்ட்ரைக் அவுட் 167.

அந்த ஜூனில் நடந்த ஒன்று என் நினைவிலிருந்து போகவே இல்லை. மைனர் லீக்கில் கூட ஆடிய ஆஸ்டின் வெல்ஸ் வீட்டுக்கு வர, இருவரும் சிக்கன் பார்ம் சாப்பிட்டுக்கொண்டே பழைய வீடியோக்களைப் பார்த்தார்கள். மைனர் லீக்கில் முன்னங்கால் நின்ற இடம் வேறு, இப்போது நிற்கும் இடம் வேறு. முன்னங்கால் வெளிப்பக்கம் திறந்துவிட்டிருந்தது. அதைத் திருத்தியதும் சில வாரம் நன்றாக அடித்தார். பயிற்சியாளர்கள் நிறைந்த பெரிய அணியில் இதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்பன்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 2024-ல் மட்டையைத் தட்டையாகச் சுழற்றப் பழகினார். சராசரி .243-க்கு ஏறியது, ஹோம் ரன் 12-ஆக இறங்கியது. 2025-ல் மறுபடி பலம் தேடினார். 19 ஹோம் ரன் வந்தது, சராசரி .212-க்கு விழுந்தது. அந்த ஆண்டு மே தொடக்கத்திலேயே இடது தோள்பட்டையில் காயம். அதோடு ஆடிமுடித்து அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 19 எரர் வந்ததற்கு அந்தத் தோளும் காரணமாக இருந்திருக்கலாம். அவரைத் திட்டுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான 2024 உலகத் தொடரின் 4-வது ஆட்டத்தில், மூன்று தோல்விக்குப் பின், டாட்ஜர்ஸுக்கு எதிராக அவர் அடித்த கிராண்ட் ஸ்லாமையும் (மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடிக்கும் ஹோம் ரன்) சேர்த்துத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குப் படுவது இதுதான். விட்டும் ஹெண்டர்சனும் மாற்றிக்கொண்டது எந்தப் பந்தை அடிப்பது என்பதை. வோல்பி ஆண்டுக்கு ஆண்டு மாற்றியது எப்படி அடிப்பது என்பதை. முதல் வகை மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. மேஜர் லீக் வருவதற்கு முன் டிரிபிள் ஏ-யில் விட் ஆடியது 62 ஆட்டம். ஹெண்டர்சன் 65. வோல்பி 22. டிரிபிள் ஏ-யில் எதிரே நிற்பவர்களில் சிலர் முப்பதைத் தாண்டிய, வேகம் குறைந்த, தந்திரம் தெரிந்த பிட்சர்கள். ஸ்ட்ரைக் ஜோன் (அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக் ஆகும் பரப்பு) விளிம்பில் பந்தை வைத்து ஆசைகாட்டுவார்கள். அங்கே ஏமாந்து ஏமாந்துதான் விடக் கற்றுக்கொள்ள முடியும். வோல்பி அந்தப் பாடத்தை யாங்கீ ஸ்டேடியத்தில் 40,000 பேர் கூச்சலுக்கு நடுவே படிக்க வேண்டி வந்தது. விட் திணறிய 2022-ல் கன்சாஸ் சிட்டி 97 ஆட்டம் தோற்ற அணி, யாருக்கும் அவசரமில்லை. நியூயார்க்கில் அந்த அவகாசம் கிடைக்காது.

இந்தக் கண்ணோடு அடுத்த தலைமுறையைப் பார்க்கிறேன். 2025 மைனர் லீக் சீசனில் இரண்டு ஷார்ட்ஸ்டாப்கள் கண்ணில் பட்டார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கானர் கிரிஃபின், 19 வயது, சராசரி .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல். உடம்பும் ஓட்டமும் விட்டை நினைவூட்டுகின்றன. ஆனால் வாக் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். மற்றவர் டெட்ராய்ட் டைகர்ஸின் கெவின் மெக்கோனிகிள், 2023-ல் 37-வது ஆளாகத் தேர்வானவர். உயரம் ஆறடிக்குக் கீழே, எறிகை சுமார்தான், இரண்டாவது பேஸுக்கு நகர்ந்தாலும் நகரலாம். ஆனால் வாக் எண்ணிக்கை ஸ்ட்ரைக் அவுட்டைவிட அதிகம்.

உச்சம் யாருடையது என்று கேட்டால் கிரிஃபின். யார் பெயருக்குப் பணம் கட்டுவாய் என்று கேட்டால் மெக்கோனிகிள். கிரிஃபினை பைரேட்ஸ் டிரிபிள் ஏ-யில் அறுபது ஆட்டம் ஆடவிடுமானால் என் பதிலை மாற்றிக்கொள்வேன்.